கோமாளி மீன் ஜோடி சேர்வது எப்படி? வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு புதிதன்று. லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கப்பி மீன்களைத் துணியால் அள்ளி மைலோ டின்னில் விட்டதும், சண்டை மீனைப் போத்தலில் வளர்த்துப் பக்கத்து வீட்டுப் பையனின் மீனோடு மோதவிட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மீன்களுக்குச் செலவும் இல்லை. பெரிய பக்குவமும் தேவைப்படவில்லை.

இன்று தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் பிள்ளைகள் கேட்பது ‘நீமோ’ மீனை. 2003ஆம் ஆண்டில் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வெளிவந்த பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் இதைக் கோமாளி மீன் என்கிறோம். ஆரஞ்சு நிற உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்டது சாதாரண வகை. இப்போது கடைகளில் கரிய உடலில் வெள்ளைப் பட்டை கொண்டவை, கலைந்த மாக்கோலம் போல வெள்ளை படர்ந்தவை, உடல் முழுவதும் வெண்மையானவை என்று பல வகைகள் வருகின்றன. அரிய நிறமென்றால் விலையும் பல மடங்கு கூடிவிடும்.

ஆசைப்பட்டு இரண்டு பெரிய, அழகான மீன்களைப் பொறுக்கி வாங்கி வருகிறோம். இரண்டு நாளில் ஒன்றின் துடுப்பு கிழிந்திருக்கும். அது தொட்டியின் மேல் மூலையில் ஒதுங்கி நிற்கும். வாரம் முடிவதற்குள் செத்து மிதக்கும். கடைக்காரர் இரண்டு ஆண் மீன்களைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தவறு அங்கே இல்லை. இந்த மீன் எப்படி ஜோடி சேரும் என்பது தெரியாமல் வாங்கியதே காரணம்.

எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும்

செங்கடல் முதல் பசிபிக் பெருங்கடல் வரை உள்ள வெப்பக் கடல்களில் ஏறக்குறைய 30 இனக் கோமாளி மீன்கள் வாழ்கின்றன. மலேசியாவின் பவளப் பாறைகளிலும் சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியும்கூட இவை உண்டு. எல்லா இனங்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு இருக்கிறது. பெண் கோமாளி மீன் என்று எதுவும் பிறப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது ஆண், பெண் என்ற பிரிவு முழுமை பெற்றிருக்காது. வளரும்போது முதலில் ஆணாகும். கூட்டத்தில் முதலிடம் கிடைத்தால் மட்டுமே பெண்ணாக மாறும்.

கடலில் ஒரு கடல் சாமந்தியில் சில கோமாளி மீன்கள் சேர்ந்து வாழும். அவற்றில் மிகப் பெரியது பெண். அதற்கு அடுத்த அளவில் உள்ளது ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. வரிசையில் தங்கள் முறைக்குக் காத்திருப்பவை. பெண் இறந்துவிட்டால் அதன் துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறும். வரிசையில் அடுத்து இருந்த சிறிய மீன் வளர்ந்து ஆணின் இடத்துக்கு வரும். ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகிய இரு ஆய்வாளர்கள் 1977ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இதை விளக்கி எழுதினார்கள். படத்தில் தாயை இழந்த நீமோவைத் தந்தை தேடிப் போகிறார். உண்மையான கடலில் என்றால் அந்தத் தந்தையே தாயாகியிருப்பார்.

இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. ஆண் பெண்ணாகலாம், பெண்ணான மீன் மறுபடி ஆணாகாது.

பாப்புவா நியூ கினியில் ஆய்வு செய்த பீட்டர் பஸ்டன் 2003ஆம் ஆண்டில் மற்றொரு செய்தியை வெளியிட்டார். கீழ்வரிசையில் உள்ள மீன், தனக்கு மேலே உள்ளதை அளவில் எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியையே குறைத்துக்கொள்கிறது என்பதுதான் அது. எட்டிவிட்டால் சண்டை, தோற்றால் சாமந்தியை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறினால் பெரிய மீனுக்கு இரை. ஆக, இந்த மீனின் குடும்பம் நிற்பது அளவு வேறுபாட்டின் மேல்தான்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. கடையில் போய் ‘ஆண் ஒன்று, பெண் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பதில் பொருளில்லை. ‘ஒன்று பெரிது, ஒன்று சிறிது’ என்று கேட்க வேண்டும். முழுதாக வளர்ந்த இரண்டு பெரிய மீன்கள் இரண்டுமே பெண்ணாக இருக்கக்கூடும். இரண்டு பெண்கள் ஒரு தொட்டியில் ஒருபோதும் ஒத்துப்போகா.

எந்த இனம், எந்த நிறம்?

முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது ஓசெல்லாரிஸ் என்னும் இனம். ‘நீமோ’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். சாதுவானது, வளர்ந்த பெண் மீன் ஏறக்குறைய 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும். பெர்குலா என்பது இதன் நெருங்கிய உறவு. நிறம் இன்னும் அழுத்தமாக, பட்டைகளின் ஓரத்தில் தடித்த கருங்கோட்டுடன் இருக்கும். தக்காளி மீன் எனப்படும் சிவப்பு வகை முரட்டுத்தனம் கொண்டது. மெரூன் என்னும் கருஞ்சிவப்பு வகை அதைவிட முரடு. அதன் பெண் 15 சென்டிமீட்டர் வரை வளரும். ஜோடி சேர்ப்பதும் கடினம். அழகில் மயங்கி மெரூனிலிருந்து தொடங்க வேண்டாம்.

அரிய நிறங்கள் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் தனி இனங்கள் அல்ல. ஓசெல்லாரிஸ், பெர்குலா ஆகியவற்றின் நிற வேறுபாடுகளே அவை. கறுப்பு ஓசெல்லாரிஸ் ஆஸ்திரேலியாவின் டார்வின் கடற்பகுதியில் இயற்கையாகவே காணப்படுவது. அதை ஆரஞ்சு வகையோடு சேர்த்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட பழுப்பு நிறக் குஞ்சுகள் கிடைக்கும். கடைகளில் ‘மோக்கா’ என்று விற்பது இதைத்தான். ‘ஸ்னோஃபிளேக்’, ‘பிக்காசோ’, ‘பிளாட்டினம்’ போன்றவை, எப்போதோ தோன்றிய மாறுபட்ட பட்டைகளைக் கொண்ட மீன்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டவை.

இத்தகைய அரிய நிறத்துக்குப் பின்னால் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதற்கு ‘லைட்னிங் மெரூன்’ நல்ல எடுத்துக்காட்டு. மின்னல் கீற்றுகளைப்போல் வெள்ளைக் கோடுகள் சிதறிய மெரூன் மீன் ஒன்று 2008இலும், மற்றொன்று 2010இலும் பாப்புவா நியூ கினியில் பிடிபட்டன. இரண்டாவது மீன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வளர்ப்பாளர் ஒருவரிடம் சேர்ந்தது. அதற்குத் துணை சேர்த்து, குஞ்சுகளை வளர்த்தெடுக்க 2012 ஆகிவிட்டது. அதன் பிறகுதான் அந்த நிறம் மற்றவர்களின் தொட்டிக்கும் வந்தது.

வாங்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். முதலாவது, கறுப்பு ஓசெல்லாரிஸ் குஞ்சாக இருக்கும்போது கறுப்பாக இராது. ஆரஞ்சும் பழுப்புமாகத் தொடங்கி, மாதக்கணக்கில் கருமையடையும். வெள்ளைப் பட்டைகளும் வளர வளர விரியலாம். 2 சென்டிமீட்டர் குஞ்சைப் பார்த்துப் பெரிய மீனின் நிறத்தைக் கணக்கிடாதீர்கள். இரண்டாவது, ஒரே இனமாக இருந்தால் நிறம் வேறானாலும் ஜோடி சேரும். பட்ஜெட் இடம் தராவிட்டால் விலை கூடிய நிறத்தில் ஒன்றும் சாதாரண ஆரஞ்சில் ஒன்றும் வாங்கலாம். ஜோடிக்கு அதனால் குறையில்லை.

கூடுமானவரை தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனையே கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்தவை பயணத்தில் நலிந்து, நோயோடு வருவது அதிகம். தொட்டியில் பிறந்தவை கொடுக்கும் உணவைத் தின்னப் பழகியவை. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காத் தீவுகளுக்குச் சுற்றுலா போகும்போது மீனையோ பவளத்தையோ எடுத்து வருவது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

முதலில் தொட்டி, பிறகு மீன்

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு. ஓர் ஓசெல்லாரிஸ் ஜோடிக்குக் குறைந்தது 80 லிட்டர் தேவை. புதியவர்களுக்கு 100 லிட்டர் நல்லது. நீர் அதிகமாக இருந்தால் சிறு பிழைகளைத் தாங்கிக்கொள்ளும். 100 லிட்டர் நீரே 100 கிலோவுக்கு மேல் எடை. பாறையும் கண்ணாடியும் சேர்ந்தால் இன்னும் கூடும். பழைய மேசையில் வைக்காமல், அதற்கென்றே செய்த உறுதியான தாங்கியில் சமதரையில் வையுங்கள்.

கடல் உப்புத் தூள் கடைகளில் கிடைக்கும். சமையல் உப்பு உதவாது. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்றால் 100 லிட்டருக்கு 3.5 கிலோ. போர்ட்டிக்சன் கடற்கரையில் இருந்து கேனில் நீர் எடுத்து வரலாமே என்று சிலர் நினைப்பார்கள். கரையோர நீரில் கலங்கலும் கழிவும் இருக்கும், வேண்டாம்.

குழாய் நீரில் உள்ள குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். சிங்கப்பூர் குழாய் நீரில் சேர்க்கப்படும் குளோரமின், வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது. நீரைப் பக்குவப்படுத்தும் திரவத்தைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

உப்பு நீரையும் உயிர்ப் பாறைகளையும் போட்டு, பம்பை ஓடவிட்டு, சிறிது மீன் உணவு தூவி, 4 முதல் 6 வாரம் காத்திருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. பாறையில் பெருகும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சு. வேறொரு பாக்டீரியா அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக் குடும்பம் நிலைபெற எடுக்கும் காலமே அந்தச் சில வாரங்கள். பரிசோதனைப் பெட்டி கொண்டு பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் சுழியத்துக்கு இறங்கி நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் மீன் வாங்கக் கிளம்பலாம்.

வைத்திருக்க வேண்டிய அளவுகள்: வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், ஹைட்ரோமீட்டரில் உப்பு அளவு 1.023 முதல் 1.025, பிஎச் 8.1 முதல் 8.4, நைட்ரேட் 20க்குக் கீழே. வாரம் ஒருமுறை 10 முதல் 15 விழுக்காடு நீரை மாற்றினால் பெரும்பாலான தொல்லைகள் வாரா.

நம் வீடுகளில் வரும் ஆபத்துகள்

நம் நாட்டு மீன் தொட்டிக்கு ஹீட்டர் தேவைப்படுவது அரிது, சூடுதான் பகை. பிற்பகலில் அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தொடும்போது தொட்டி நீரும் ஏறும். சூடான நீரில் உயிர்வளி குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியைத் திருப்பிவிட்டால் 2 அல்லது 3 டிகிரி குறையும். அதிலும் அடங்காவிட்டால் சில்லர் வாங்க வேண்டிவரும். மேற்கு வெயில் விழும் சுவரோரம் தொட்டியை வைக்காதீர்கள்.

விசிறி ஓடினால் நீர் வேகமாக ஆவியாகும். ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பது போல, தொட்டியிலும் நீர்தான் போகும். உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டும். உப்பு நீரால் அல்ல. தொட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, நாள்தோறும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். அதற்காக எடுத்துவைத்த வாளியை இறுக மூடிவையுங்கள். தேங்கிய நன்னீர் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். அதற்கு அபராதமும் உண்டு.

டிங்கிக்காகப் புகை மருந்து அடிக்க வருகிறார்கள் என்றால் உடனே செயல்படுங்கள். அதில் உள்ள பூச்சிக்கொல்லி மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. சன்னல்களைச் சாத்தி, காற்று பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடுங்கள். நீரைச் சுழற்றும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும். புகை முழுதாக விலகிய பிறகு திறக்கலாம். கொசுவத்தியையும் கொசு ஸ்பிரேயையும் தொட்டி இருக்கும் அறையில் எப்போதுமே தவிர்க்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் உதவ, பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

ஜோடி சேர்க்கும் முறை

எளிய வழி, ஒரே இனத்தில் இரண்டு இளம் மீன்களை ஒரே நாளில் வாங்கித் தொட்டியில் விடுவது. ஒன்று 4 சென்டிமீட்டர் என்றால் மற்றது 2.5 சென்டிமீட்டர் இருக்கட்டும். கடையிலேயே ஒன்றாக நீந்தும் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. பெரியது முந்தி வளர்ந்து நாளடைவில் பெண்ணாகும். சிறியது ஆணாகும். இதற்குப் பல மாதங்களோ ஓர் ஆண்டோ ஆகலாம்.

உங்களிடம் ஏற்கெனவே வளர்ந்த மீன் ஒன்று இருந்தால், அதைவிடத் தெளிவாகச் சிறிய இளம் மீனை வாங்குங்கள். நேராக விடாதீர்கள். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியிலோ தடுப்பிலோ வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் விடுங்கள். பிறகு பாறைகளின் அமைப்பைச் சற்று மாற்றி, பழைய மீனின் ‘இது என் இடம்’ என்ற பிடிப்பைக் குலைத்துவிட்டுச் சிறியதைத் திறந்துவிடலாம்.

முதல் நாள்களில் பெரியது சிறியதைத் துரத்தும். ‘டக் டக்’ என்று ஒலி எழுப்பும். சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டும். பார்ப்பவர்களுக்கு வலிப்பு வந்ததுபோல் தெரியும். பயப்பட வேண்டாம். ‘நீயே பெரியவள், நான் அடங்கி நடக்கிறேன்’ என்று அது தெரிவிக்கும் முறை இதுதான். சிறியது அப்படி நடுங்க, பெரியது துரத்துவதை நிறுத்தினால் உறவு அமைந்துவிட்டது என்று பொருள். இரவில் இரண்டும் ஒரே மூலையில் உறங்கத் தொடங்கினால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இரண்டும் வாயோடு வாய் பூட்டிக்கொண்டு சுற்றினாலோ, துடுப்பு கிழிந்தாலோ, சிறியது உணவுக்கே வெளிவராமல் ஒளிந்தாலோ அன்றே பிரித்துவிடுங்கள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று விடுவதில்தான் பல மீன்கள் சாகின்றன. வேறு இனக் கோமாளி மீனை அதே தொட்டியில் சேர்ப்பதும் ஆபத்து. ஜோடி அமைந்துவிட்டால் மூன்றாவது மீனுக்கு அங்கே இடமில்லை.

கடல் சாமந்தி வேண்டுமா?

படத்தில் பார்த்த பிள்ளைகள் சாமந்தியும் கேட்பார்கள். கடலில் அது கோமாளி மீனுக்கு அரண். பகைவனைக் கொட்டும் அதன் கைகள் இந்த மீனை ஒன்றும் செய்வதில்லை. தொட்டியில் பகைவன் இல்லாததால் சாமந்தி இல்லாமலேயே மீன் நலமாக வாழும். சாமந்திக்கு வலுவான விளக்கும் பல மாதம் நிலைபெற்ற நீரும் வேண்டும். புதிய தொட்டியில் அது செத்து அழுகினால் ஒரே இரவில் நீரைக் கெடுத்து மீனையும் கொன்றுவிடும். குறைந்தது 6 மாதம் கழித்து யோசிக்கலாம். அதுவரை ஒரு சிறிய மண் பூந்தொட்டியைச் சாய்த்து வைத்தால் போதும். பல ஜோடிகள் அதையே வீடாக்கிக்கொள்ளும்.

உணவும் நோயும்

நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். குருணை உணவோடு, உறைய வைத்த ஆர்ட்டீமியா, பொடியாக நறுக்கிய பச்சை இறால் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். இறால் வகைகளில் உள்ள இயற்கை நிறப்பொருள் ஆரஞ்சு நிறத்தை மங்காமல் காக்கும்.

புதிய மீனை வாங்குமுன் கடைக்காரரை உணவு போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீன், வேகமாக மூச்சு வாங்கும் மீன், உடலில் வெண்மையான சளி படிந்த மீன் ஆகியவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தச் சளி ‘புரூக்ளினெல்லா’ என்னும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். கோமாளி மீன்களை அதிகம் தாக்குவது இது. சில நாள்களிலேயே கொன்றுவிடும். முடிந்தால் புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். மருந்து கொடுப்பதும் அங்கேதான். செம்பு கலந்த மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் பாறையில் வாழும் சிற்றுயிர்களும் சாமந்தியும் அழிந்துவிடும்.

முட்டையிட்டால்

நன்றாக அமைந்த ஜோடி ஒருநாள் ஒரு கல்லையோ பூந்தொட்டியையோ வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யத் தொடங்கும். ஓரிரு நாளில் நூற்றுக்கணக்கான ஆரஞ்சு நிற முட்டைகள் அங்கே ஒட்டியிருக்கும். துடுப்பால் விசிறி, கெட்ட முட்டைகளை அகற்றிக் காவல் காப்பது பெரும்பாலும் தகப்பன் வேலை. அந்த நாள்களில் நீங்கள் கையை உள்ளே விட்டால் தாய் கடிக்கவும் வரும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், விளக்கணைந்த இரவில் குஞ்சுகள் பொரியும். அவற்றைத் தனித் தொட்டியில் வைத்து, ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரை வளர்த்துக் கொடுத்தால்தான் பிழைக்கும். முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவதே பெரிய சோதனை. முதல் முறையே வெற்றி கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலான ஜோடிகள் சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் முட்டையிடும்.

ஒன்று இறந்துவிட்டால்

நல்ல கவனிப்பில் கோமாளி மீன் 10 ஆண்டுகளைத் தாண்டி வாழும்; 20 ஆண்டு கடந்தவையும் உண்டு. அந்த நீண்ட காலத்தில் ஜோடியில் ஒன்று முந்திப் போகலாம். பெண் இறந்தால், அதற்குப் பதிலாக இன்னொரு பெரிய பெண்ணைத் தேடி அலையாதீர்கள். மிஞ்சிய ஆணே பெண்ணாகிவிடும். அதைவிடச் சிறிய இளம் மீன் ஒன்று வாங்கினால் போதும். ஆண் இறந்தாலும் அதே வழிதான். எப்படிப் பார்த்தாலும் புதிதாக வருவது சிறியதாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மறக்காமல் இருந்தாலே பாதிச் சண்டையும் பாதி நட்டமும் குறையும்.

அடுத்த முறை பிள்ளைகள் ‘நீமோ’ கேட்டால், முதலில் காலித் தொட்டியையும் பரிசோதனைப் பெட்டியையும் வாங்கிக் கொடுங்கள். அம்மோனியா அளவை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சுழியம் வந்த பிறகு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டு மீன்களை அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.